புலெங் கை கழுவ மறந்த சனிக்கிழமை

சோவெட்டோவின் மபெட்லாப் பகுதியில் யாருடைய வண்டிக்குக் கிளட்ச் போனாலும் சரி, தள்ளிக்கொண்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டோ அது கடைசியில் புலெங்கின் வீட்டுப் பின்முற்றத்துக்குத்தான் வந்து சேரும். பெயர்ப்பலகை கிடையாது. பலகை எதற்கு? சோவெட்டோவில் பாதிப் பேருக்கு அந்த வீடு தெரியும், மீதிப் பேர் பாதிப் பேரைக் கேட்டுக்கொள்வார்கள். வருகிறவன் வாயைத் திறந்து தன் வண்டியின் நோயைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் கையைத் தூக்கிவிடுவாள். ஐயா என்பதற்கு எங்கள் பக்கத்தில் ந்தாதே.

"நீங்க சும்மா இருங்க, ந்தாதே. வண்டி சொல்லட்டும்."

எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து அரை நிமிடம் கேட்பாள். அதற்கப்புறம் அவள் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேசிய ஆண்பிள்ளைகள் எல்லோரும் இரண்டு வாரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். நானே வந்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், கைகள் மட்டும் இரண்டு ஆள் கை. சிறுவயதில் ஒரு பஸ் டிப்போவில் கியர்பாக்ஸ் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருடம் கழுவினாள். கழுவக் கழுவ எது எங்கே தேயும், ஏன் தேயும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்த மெக்கானிக்குகள் அவளைக் கழுவுகிறவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிப்போவை மூடியபோது அவர்கள் வேலை தேடி அலைந்தார்கள். இவள் வீட்டு முற்றத்தில் ஒரு குழி வெட்டி அதில் இறங்கி நின்றாள். அந்தக் குழியில் நின்றே மகள் டினேயோவை நர்சாக்கி புளும்ஃபொன்டெய்ன் நகரத்துக்கு அனுப்பினாள்.

கல்யாணமும் கிளட்ச்சால்தான் நடந்தது. டாக்சி ஓட்டும் கொட்சோவும் அவனுடைய சிநேகிதன் டுமாவும் அந்தக் காலத்தில் வார இறுதி ஆனால் போதும், வண்டி சுற்றப் போய்விடுவார்கள். குஷேஷே என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற அந்தப் பெட்டி மூஞ்சி ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை நடுத்தெருவில் நிறுத்தி, பின்சக்கரம் சறுக்கிப் புகை கக்க, ஒரே இடத்தில் வட்டமடிக்க விடுவது. மூன்று மாதத்தில் கொட்சோ நான்கு கிளட்ச் எரித்தான். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு வந்தபோது, "இப்படியே போனா கட்டுப்படியாகாது, நீ என்னைக் கட்டிக்க" என்றான். புலெங் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். ஆனால் ஒன்று சொன்னாள்: சுற்றுகிற வண்டியில் தன்னை ஏறச் சொல்லக் கூடாது. சுற்றும்போது வண்டிக்குள் ஒவ்வொரு சாமானும் என்ன பாடுபடுகிறது என்று அவள் காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார அவளால் ஆகாது. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட ஏறவில்லை.

சும்மா சுற்றுவது ஒன்று. டுமாவும் கொட்சோவும் பெயர் வாங்கியது வேறொன்றில். வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து பெல்ட்டால் கட்டிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஆளில்லாமல் தானே சுற்றுகிற வண்டியைச் சுற்றிக் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள். வண்டியைத் தனியே விடுவது என்று அதற்குப் பெயர். ஜனம் கத்தும். பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள், விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். கொட்சோ பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டான். வலது முட்டி ஒத்துழைக்கவில்லை. டுமா விடவில்லை.

இந்த மே மாதம் டுமா ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். கொட்சோவும் அங்கே உட்கார்ந்திருந்தான். திறந்து காட்டினான். புத்தம் புது ஃப்ளைவீல். எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் சுற்றுகிற அந்த இரும்புத் தட்டு அவன் வண்டியில் பதினோரு கிலோ. இது வெறும் ஐந்து கிலோ.

"அண்ணி, இதை மாட்டினா ரேஸ் குடுத்த உடனே எஞ்சின் சீறும். காலை எடுத்தா டக்குனு இறங்கும். சத்தம் கேட்டாலே ஜனம் எந்திரிச்சு நிக்கும்."

"சீறும், சரி. நீ இறங்கி நடந்தா என்ன ஆகும்?"

டுமா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இங்க பாரு, டுமா. கனமான சக்கரம் ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா சுத்திட்டே இருக்கும். எஞ்சின் ஒரு நொடி திக்கினாலும் அது தாங்கிப் பிடிச்சுக்கும். உள்ள ஆள் இல்லாம வண்டி ஒழுங்கா சுத்துறதே அந்தக் கனத்தாலதான். இந்த லேசுத் தட்டு எதையும் தாங்காது. எஞ்சின் ஒரு மூச்சு விட்டா டயர் தரையைப் பிடிச்சுக்கும். சறுக்குறது நின்னா வட்டம் விரியும். விரியுற வட்டத்துல நீ நிப்ப. உள்ள உட்கார்ந்து சுத்துறவனுக்கு இது சரி, கால் ரேஸ்ல இருக்கும். இறங்குறவனுக்கு ஆகாது."

"அப்போ மாட்ட மாட்டீங்களா?"

"மாட்ட மாட்டேன். எடுத்துட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் பெட்டியை மூடிய விதத்தில் ஒரு மனக்குறை இருந்தது, அதை அவள் பார்த்தாள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டுமா போய்ச் சேர்ந்தான். ஐம்பத்து நான்கு வயதுதான்.

செவ்வாய்க்கிழமை புலெங் துக்கம் கேட்கப் போனாள். டுமாவின் மனைவி நொகுதுலா, துக்க வீட்டு வழக்கப்படி அறையைக் காலி செய்து தரையில் போட்ட மெத்தையில், கம்பளியைத் தோளில் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். புலெங்கைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெட்டியைத் தடவிக் காட்டினாள்.

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு அக்கா. ராத்திரி எடுத்துப் பார்ப்பாரு, துடைப்பாரு, வைப்பாரு. சனிக்கிழமை அடக்கம் முடிஞ்சதும் அவர் வண்டியத் தெருவுல சுத்தணும். இது மாட்டின வண்டியாத்தான் சுத்தணும். உங்க கையால மாட்டிக் குடுங்க."

உயிரோடு கேட்டவனுக்கு முடியாது என்று சொல்லியாயிற்று. மெத்தையில் உட்கார்ந்து கேட்கிறவளுக்கு எப்படிச் சொல்வது? ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாரு சுத்தப் போறது?"

"கொட்சோ அண்ணன்தான். வேற யாரு?"

வீட்டுக்கு வந்து கொட்சோவிடம் கேட்டாள். அவன் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, "மூணு சுத்து சுத்துவேன், நிறுத்திடுவேன்" என்றான். அவன் முட்டியைப் பார்த்தாள். மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடி தேடுகிற முட்டி. இவன் எங்கே இறங்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அங்கேதான் ஏமாந்தாள். மூன்று சுற்று என்றானே ஒழிய, உள்ளே உட்கார்ந்தா வெளியே நடந்தா என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

புதனும் வியாழனும் மாட்டினாள். கியர்பாக்ஸைக் கீழே இறக்கி, பழைய ஃப்ளைவீலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். புதியதைத் தொடும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அந்தத் தட்டின் முகத்தில் விரலின் எண்ணெய் பட்டால்கூடக் கிளட்ச் உதறும். எட்டுப் புது போல்ட். ஒன்றை முடுக்கி, எதிரில் இருப்பதை முடுக்கி, மறுபடி அடுத்ததை, இப்படிக் குறுக்கும் மறுக்குமாக மூன்று சுற்று. கடைசிச் சுற்றில், முடுக்கம் போதும் என்று டார்க் ரெஞ்ச் எட்டுத் தடவை டக்கென்றது. எட்டையும் வாய்விட்டு எண்ணினாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் சீறியது பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் சங்கிலியோடு குதித்தது. காலை எடுத்ததும் பொத்தென்று இறங்கி, ஒரு திக்கு திக்கி, நின்றே போயிற்று. கால் வைக்காதபோதும் எஞ்சின் ஓடுவதற்கான ஸ்க்ரூவை இரண்டு திருகு ஏற்றினாள். அப்போதும் அங்கங்கே மூச்சு விட்டது. இந்த மேட்டு நிலத்துக் காற்றே மெல்லிசு, எந்த எஞ்சினுக்கும் இங்கே மூச்சு வாங்கத்தான் செய்யும். பரவாயில்லை, கால் ரேஸில் இருக்கப்போகிறவன்தானே என்று பானெட்டை மூடினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பந்தலில் ஜெபம் தொடங்கியது. எல்லோர் கையிலும் அச்சடித்த நிகழ்ச்சித் தாளைக் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் டுமா வெள்ளைத் தொப்பியோடு சிரித்தான். பாட்டு, வேத வாசிப்பு, அண்டை வீட்டார் பேச்சு, மாலைகள், அடக்கம், கை கழுவுதல், சாப்பாடு. புலெங்கின் விரல் வரிசையாக இறங்கிக் கடைசி வரியில் நின்றது.

"பிற்பகல் 2 மணி: காலம்சென்ற டுமாவுக்குக் கொடுத்த வாக்கின்படி, நண்பர் கொட்சோ அவரது வண்டியைத் தனியே விட்டு மூன்று முறை சுற்றி நடப்பார்."

இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை. நான்கு வரிசை முன்னால் கொட்சோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்றிருந்தது. அடிபாகம் மெல்லிசான, இறங்கி நடப்பதற்கென்றே போடுகிற ஷூ. பதினைந்து வருடமாக அலமாரி மேல் கிடந்தது. காலையில் இதைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறாள்! அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கல்லறைக்குப் போகிற பஸ்ஸில் அவன் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"என்னய்யா இது?"

"நிகழ்ச்சித் தாள்."

"எனக்கும் படிக்கத் தெரியும். கடைசி வரி என்ன?"

"நானும் அவனும் முப்பது வருஷத்துக்கு முன்னாடி பேசிக்கிட்டது புலெங். யாரு முதல்ல போனாலும் மத்தவன் வண்டியத் தனியே விட்டு மூணு சுத்து நடக்கணும்னு."

"முட்டிய வச்சுக்கிட்டா? அதுல எந்தத் தட்டு மாட்டியிருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? டுமாவுக்கு நான் சொன்னப்போ நீ அங்கதானே உட்கார்ந்து முழிச்சுக்கிட்டு இருந்த?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மாட்டியிருக்க மாட்ட. நொகுதுலா மனசு உடைஞ்சிருக்கும்." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "தாள்லயும் அச்சடிச்சாச்சு. முந்நூறு பேர் கையில இருக்கு."

"அச்சடிச்சாச்சாம்! அச்சடிச்சா செத்துடுவியா?"

முன் இருக்கைக் கிழவி திரும்பிப் பார்த்தாள். இருவரும் வாயைத் திறந்து பாட்டில் சேர்ந்துகொண்டார்கள்.

குழிக்கு அருகே நின்றபோது அவளுக்கு ஒரு ஜெபமும் காதில் ஏறவில்லை. பழைய ஃப்ளைவீலைத் திரும்ப மாட்டினால்? ஒற்றை ஆளாகக் குறைந்தது ஐந்து மணி நேரம். மணி பத்தரை. ஆகாது. வண்டியில் ஒரு ஒயரைப் பிடுங்கி ஓடாமல் செய்தால்? டுமாவின் கடைசி மரியாதையை அவன் அடக்க நாளில் திருடுவதா? அதற்கும் கை வராது. நொகுதுலாவிடம் சொல்லலாமா? கறுப்பு முக்காட்டுக்குள் அவள் நின்ற நிலையைப் பார்த்து அந்த எண்ணத்தையும் விட்டாள். அவள் கையால் ஒரு பிடி மண் போட்டாள். கொட்சோ மண்வெட்டியில் மண் அள்ளிப் போட்டான். முட்டியை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து அள்ளினான். அவன் மண் போடுகிற குழியில் அவனையே பார்த்துவிட்டாள். சீ, என்று தலையை உதறிக்கொண்டாள்.

உள்ளே ஆளில்லாததுதான் வினை. கால் இல்லாவிட்டால் என்ன, ஒரு கை இருந்தால்? அந்த எண்ணம் வந்த நொடியில் அவள் கால்கள் பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டன.

டுமாவின் வீட்டு வாசலில் பெரிய பேசின்களில், கற்றாழைத் துண்டு நறுக்கிப் போட்ட தண்ணீர் வைத்திருந்தார்கள். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் அதில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஜனம் அதைச் சுற்றி மொய்த்தது. புலெங் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக இரண்டு தெரு தாண்டித் தன் முற்றத்துக்குப் போனாள். பழைய சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை ஆணியிலிருந்து உருவினாள். இடுக்கி, ஸ்பானர், கந்தல் துணி. திரும்பி வந்து, டுமாவின் வீட்டுக்குப் பின்னால் நின்ற குஷேஷேயின் பானெட்டைத் திறந்தாள். ரேஸ் கம்பி இழுக்கிற அதே நெம்புகோலில் தன் கேபிளையும் கோத்தாள். ஒயர்கள் நுழைகிற ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, பக்கத்து இருக்கைக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் முனையை இழுத்தாள். முனையில் ஒரு போல்ட்டைக் குறுக்கே கட்டிக் கைப்பிடியாக்கினாள். இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் ஏறியது. விட்டாள். பொத்தென்று இறங்கியது. மறுபடி இழுத்து ஒரே சுருதியில் நிறுத்திப் பழகினாள். மயிரிழை இழுத்தாலும் சீறியது, மயிரிழை விட்டாலும் திக்கியது. பந்தலில் எல்லோரும் பாப் என்கிற சோளக்களியும் குடல்கறியும் பீட்ரூட்டும் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு மணிக்குத் தெருவே அடைத்துக்கொண்டது. சுவர் மேல், கூரை மேல், வேன் மேல் ஆள். கொட்சோ டுமாவின் வெள்ளைத் தொப்பியை வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தான். பக்கத்துக் கதவு திறந்தது.

"நகரு. நான் ஏறணும்."

"நீயா? நீ ஏற மாட்டியே!"

"இன்னைக்கு ஏறுறேன். வண்டியில ஆறு கிலோ குறையுது. நான் எழுபத்தெட்டு கிலோ. போதுமா?"

அவன் கேபிளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவனும் மெக்கானிக் பெண்டாட்டியோடு இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன், விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த டுமாவின் தாய்மாமன் பார்த்துவிட்டார். தாளை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது? 'தனியே விட்டு'ன்னு போட்டிருக்கு. நீ உள்ள உட்கார்ந்தா எப்படித் தனியே?"

"நான் குனிஞ்சுக்கறேன் மாமா. வெளியே இருந்து பார்த்தா யாரும் தெரியாது."

"டுமாவுக்குத் தெரியுமே!"

"அவனுக்குத் தெரியட்டும். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

கிழவர் அவள் கண்ணைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புலெங் இருக்கைக்கும் முன்பலகைக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்தாள். முழங்கால் தாடையில் இடித்தது. கைப்பிடியில் துணியைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கேளு. இங்க இருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு சுத்து நடந்து முடிச்சதும் கூரை மேல ஒரு தட்டு தட்டு. மூணாவது தட்டு தட்டினதும் ஜன்னல் வழியா ஏறிடு. புரியுதா?"

"புரியுது."

"தட்ட மறந்த, கொன்னுடுவேன்."

வண்டி சுற்ற ஆரம்பித்தது. ஐயோ! குடல் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம் போயிற்று. டயர் கரிந்த புகை உள்ளே நிறைந்தது. கொட்சோ பெல்ட்டால் ஸ்டியரிங்கைக் கட்டுவது தெரிந்தது. அவன் கால் ரேஸிலிருந்து மெல்ல எடுபடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அதே அளவு கேபிளை இழுத்தாள். சுருதி மாறவில்லை. வெள்ளை ஷூ இரண்டும் அவள் கண் முன்னால் எழும்பி ஜன்னல் வழியாக மறைந்தன. தெரு முழுக்க ஒரே கூச்சல்.

இப்போது காலி இருக்கை, கட்டிய ஸ்டியரிங், இவள். எஞ்சின் எங்கே மூச்சு விடப் போகிறது என்று அது விடுவதற்கு முன்னாலேயே கேட்கவேண்டும். கேட்டாள். திக்கப் போனால் இழுத்தாள், ஏறப் போனால் விட்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தட். கூரை மேல் உள்ளங்கை. ஒன்று.

விரல்கள் எரிந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தட். இரண்டு.

கண்ணைத் திறந்தபோதுதான் கைகளில் ஒட்டியிருந்த சிவப்பு மண் வியர்வையில் கரைந்து ஓடுவது தெரிந்தது. கல்லறை மண். வாசலில் அவள் கை கழுவவில்லை. நேராக வந்து, அந்தக் கையோடு அவன் ஏறப்போகிற வண்டியைத் தொட்டிருக்கிறாள். சாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கோத்து வைத்திருக்கிறாள். இதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது என்று வேறொரு நாள் அவளே சொல்லியிருப்பாள். அன்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது தட்டு வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை. ஜனத்தின் கூச்சல் திடீரென்று ஓங்கி எழுந்தது. சந்தோஷக் கூச்சலா, அலறலா? எஞ்சின் இரைச்சலில் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஊரில் உள்ள கிளட்ச் எல்லாவற்றையும் காதாலேயே கண்டுபிடித்தவளுக்கு, தன் புருஷன் இருக்கிறானா போய்விட்டானா என்பது கேட்கவில்லை. முட்டி மடங்கியிருக்கும். விழுந்திருப்பான். எந்தப் பக்கம்? சக்கரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கேபிளை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து ஓடவேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. எழுந்து பார்க்கலாம், எழுந்தால் கை ஆடும். விட்டால் எஞ்சின் இறங்கும், டயர் பிடிக்கும், வட்டம் விரியும். "டினேயோ அப்பா, டினேயோ அப்பா" என்று வாய் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கண்ணீரும் சளியும் ஒழுக, அதே சுருதியில், மயிரிழை இழுத்து மயிரிழை விட்டு, பிடித்துக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. நான் சுவர் மேல் நின்றேன். எனக்கு அரை நிமிடம் என்றுதான் படுகிறது.

கூரை மேல் இல்லை, கதவின் அடிப்பகுதியில், தாழ்வாக, பலவீனமாக ஒரு தட்டு. அப்புறம் ஜன்னல் விளிம்பில் நான்கு விரல். அப்புறம் தொப்பி இல்லாத ஒரு தலை. கொட்சோ தலைகுப்புற உள்ளே விழுந்து, புரண்டு, காலை பெடலில் வைத்தான்.

"விடு புலெங். நான் பிடிச்சுட்டேன்."

வண்டி நின்றது. தெரு கொண்டாடியது. மூன்றாவது சுற்றில் அவன் நடுத்தெருவில் மண்டியிட்டு, தொப்பியைத் தரையில் வைத்து, வண்டியின் மூக்கு முகத்துக்கு ஒரு முழம் முன்னால் போகப் போக, தலை குனிந்திருந்தான். அப்படி ஒரு மரியாதையை மபெட்லா பார்த்ததே இல்லை என்று தாய்மாமன் ஒலிபெருக்கியில் அழுதார். நொகுதுலா வாசலிலிருந்து முக்காட்டைத் தூக்கிப் பார்த்துக் கைகூப்பினாள். எல்லோரும் அப்படியே நம்பினார்கள். அந்த நேரத்தில் நானும் நம்பினேன், பொய் சொல்வானேன்.

கூட்டம் பந்தலுக்குத் திரும்பியபின் புலெங் வாசல் பேசினுக்குப் போனாள். தண்ணீர் கலங்கிக் கிடந்தது, கற்றாழைத் துண்டுகள் மிதந்தன. கையை உள்ளே விட்டாள். விரல்கள் கைப்பிடியைப் பிடித்தபடியே மடங்கியிருந்தன, விரியவில்லை. கொட்சோ நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான். ஒரு குவளையில் சுத்தமான தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கழுவிவிட்டான்.

"முட்டி பிடிச்சிடுச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன். எந்திரிக்க முடியல."

அவள் இன்னொரு கையை நீட்டினாள்.

"தட்டு வரலைன்னதும் என்ன நினைச்ச?"

"செத்துட்டன்னு நினைச்சேன்."

கொட்சோ அடுத்த விரலைப் பிரித்தான். கழுவிக்கொண்டே கேட்டான்.

"செத்துட்டேன்னு நினைச்சா, அப்புறம் எதுக்கு விடாம பிடிச்சுக்கிட்டு இருந்த?"

"ஒருவேளை சாகலைன்னா?"

அவன் கை நின்றுவிட்டது. குவளையிலிருந்த மிச்சத் தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. அவள் ஈரக் கையை அவன் சட்டையிலேயே துடைத்தாள்.

"திங்கக்கிழமை வண்டியக் கொண்டு வா. பழைய தட்டைத் திரும்ப மாட்டணும். நொகுதுலாகிட்ட நான் சொல்லிக்கறேன்." இரண்டு அடி போய்த் திரும்பினாள். "இனிமே எதை அச்சடிச்சாலும் முதல்ல என்கிட்ட காட்டு."

பிறகு பந்தலுக்குள் போய், ஒரு தட்டு நிறையப் பாப்பும் குடல்கறியும் வாங்கி, உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.